ஐந்தாம் ஆண்டுக் கட்டம்

நாற்பத்தொரு பெயர்கள்.
எல்லாரும் இருபத்தைந்துக்குள்.
மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே,
டார்ச் அடித்தாலும் தெரியாத இடத்தில் தொடங்கியது என்று
கோப்புகளின் முதல் பக்கம் சொல்லும்.
கழுத்தில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி,
அல்லது பள்ளிக்கூடச் சட்டையில் ரத்தம்,
அல்லது ஒரு காது மட்டும்
ஆற்றில் முங்கியதுபோல் அடைத்தே கிடந்தது.
சளி என்று நான்கு மாதம் மாத்திரை தின்றவர்கள்.

என் வேலை, ஐந்தாம் வருடம் கூப்பிட்டுக் கேட்பது.
தஞ்சாவூர் மருத்துவமனை, இரண்டாம் மாடி,
ஒரு மேசை, ஒரு போன்.
தாளில் மூன்று கட்டங்கள்:
இருக்கிறார். இல்லை. தொடர்பில் இல்லை.
மருத்துவருக்கு விழுக்காடு வேண்டும்,
செவ்வாய்க்குள்.

"இருக்காரா" என்று கேட்கக் கூடாதென்று
முதல் வாரமே கற்றுக்கொண்டேன்.
"தம்பி எப்படியிருக்கு" என்பேன்.
கூத்தாநல்லூரில் ஒரு தாய்
"ஷார்ஜாவுல இருக்கான், பொண்ணு பொறந்திருக்கு" என்று
மூச்சுவிடாமல் சொல்லிவிட்டுத்தான்
நான் யாரென்று கேட்டார்.
சொன்னேன்.
அப்புறம் குரல் சின்னதாகிவிட்டது.

தலைஞாயிறில் ஒரு தகப்பன்
"போன வருசமும் கேட்டீங்களேம்மா" என்றார்.
போன வருடமும் கேட்டிருந்தேன்.
போன வருடமும் அவர் சொல்லியிருந்தார்.
யாரோ கட்டம் மாற்றி டிக் அடித்திருக்கிறார்கள்.
தாளை எடுத்துப் பார்த்தேன்.
என் டிக்தான்.

இருபத்தேழாவது பெயர் எழிலரசன்.
பதினாறு வயதில் முப்பத்தைந்து நாள் கதிர்.
கொடுத்த எண்களில் ஒன்று உபயோகத்தில் இல்லை,
மற்றது அடித்து அடித்து ஓய்கிறது.
மூன்றாம் கட்டத்தில் போட்டாயிற்று, அது போதும்,
யாரும் கேட்கப்போவதில்லை.
ஞாயிற்றுக்கிழமை திருத்துறைப்பூண்டி பஸ்ஸில் ஏறினேன்.
ஏன் என்று வீட்டில் கேட்டதற்கு
ஒரு கல்யாணம் என்றேன்.

அணை திறந்து பத்தொன்பது நாள்.
மன்னார்குடி வரைக்கும் ஆறு கூடவே வந்தது.
இடும்பாவனம் தாண்டினால்
வாய்க்கால் வாய் பிளந்து கிடக்கிறது.
தண்ணீர் வருமுன் முடித்திருக்க வேண்டிய தூர்வாரல்
இப்போதுதான் நடக்கிறது.
பொக்லைன் மேல் இருந்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
திரும்பவில்லை.
இன்னொரு பக்கமாகப் போய்க் கையாட்டியதும்
இயந்திரத்தை நிறுத்தி இறங்கினான்.
கழுத்தில் ஒரு பட்டை மட்டும் கறுத்து, வழுவழுவென்று.
இடுப்பில் தண்ணீர் பாட்டில்.

"போன்ல கேக்காதுக்கா. வாட்ஸப் பண்ணியிருக்கலாமே?"

ஒரு வாக்கியம், ஒரு மடக்கு.
"எச்சில் இப்ப முறைப்பாசனம்.
காலைல கொஞ்சம் விடுவாங்க,
பத்து மணிக்கு மேல மதகை அடைச்சிடுவாங்க."
சிரித்தான். பின்பக்கம் பற்கள் இல்லை.
புளிப்பு திரும்பிவிட்டதாம், இனிப்பு இன்னும் இல்லையாம்.
முறுக்கு ஆசை மட்டும் விடவில்லையாம்.
எதற்கும் என் தாளில் இடமில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

வீட்டுக் கொல்லையில்
கதிருக்குப் படுத்தபோது மேசையோடு சேர்த்துப் பூட்டிய
அந்த வலை முகமூடி,
பாகல் பந்தலில் தொங்குகிறது, நெற்றியில் நீலக் கோடுகளோடு.
"குருவிக்குப் பயம்" என்றான்.
"எனக்கும் கொஞ்ச நாள் இருந்துச்சு."

திங்கட்கிழமை
எழிலரசனை முதல் கட்டத்துக்கு மாற்றினேன்.
தலைஞாயிறுப் பையனை
முதல் கட்டத்திலிருந்து எடுத்தேன்.
கூட்டிப் பார்த்தால் அதே இருபத்தொன்பது.
எழுபது புள்ளி ஏழு விழுக்காடு.

மருத்துவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு
"மாறலையேம்மா, போன தடவை வந்த அதே எண்தானே" என்றார்.
ஆமாம் சார் என்றேன்.

வியாழக்கிழமை எழிலரசன் ஒரு படம் அனுப்பியிருந்தான்:
வாய்க்காலின் அடியில்
ஒரு முழ அகலத்துக்குக் கலங்கல் தண்ணீர், நுரை,
அடித்துவரப்பட்ட ஒற்றைச் செருப்பு.

தலைஞாயிறு எண்
என் சொந்தப் போனில் இருக்கிறது.
இரண்டு தடவை எடுத்து வைத்துவிட்டேன்.
என்ன கேட்டு ஆரம்பிப்பது?